சிங்கம் குடியிருக்கும் ஊர்

கலிஃபோர்னியாவில் வீட்டுப் பஞ்சம். தனிவீட்டு மனையை இரண்டாகப் பிரித்து நான்கு வீடுகள் வரை கட்டிக்கொள்ளலாம் என்று மாநில அரசு சட்டம் போட்டது. 2022 ஜனவரி 1 முதல் அமல்.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் பணக்கார ஊரான வூட்சைடு, சட்டத்தை வரி வரியாகப் படித்தது. பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் வாழிடத்துக்கு விலக்கு உண்டாம். போதாதா? ஊர் மொத்தமும் மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று அந்த மாதமே அறிவித்துவிட்டது.

மாளிகைகளுக்கு நடுவே நிம்மதியாக உலவிய சிங்கத்துக்கு, பக்கத்தில் இன்னொரு சின்ன வீடு வந்தால்தான் தூக்கம் கெடுமாம்!

மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா மசியவில்லை. ஏற்கெனவே வீடு நிற்கும் மனை வாழிடமாகாது என்று பிப்ரவரியில் கடிதம் அனுப்பினார். ஊராட்சி சட்டென்று பின்வாங்கி, விண்ணப்பங்களை வாங்கச் சம்மதித்தது. சிங்கங்கள் தரப்பில் ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.