கோப்பை எதில் திறப்பது?

கேள்வி: புதிதாக நிறுவிய மென்பொருள், என்னைக் கேட்காமலே பிடிஎஃப் கோப்புகளை எல்லாம் தன் வசமாக்கிக்கொள்வது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. கோப்பு உங்களுடையது, அதை எதில் திறப்பது என்ற முடிவும் உங்களுடையதே. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்துத்தான் விண்டோஸ் உரிய மென்பொருளை அழைக்கிறது. எந்த வகைக்கு எந்த மென்பொருள் என்ற விவரம், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. முன்பெல்லாம் எந்த மென்பொருளும் அங்கே புகுந்து, பழைய பெயரை நீக்கித் தன் பெயரை எழுதிக்கொள்ள முடிந்தது. கடைசியாக வந்தவரே வீட்டுக்காரர்! 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், உங்கள் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேமிக்கப்படுகிறது. வேறொருவர் கைவைத்துக் குறியீடு பொருந்தாமல் போனால், விண்டோஸ் அந்த மாற்றத்தை ஏற்பதில்லை.

‘கணினிக்குப் புதியவர் இதையெல்லாம் எங்கே தேடுவார், மென்பொருளே செய்துவிட்டால் என்ன?’ என்பார்கள். உதவி வேறு, பறிமுதல் வேறு. ‘எனக்கும் இதைத் திறக்கத் தெரியும்’ என்று பதிவு செய்தாலே, வலது கிளிக்கில் வரும் ‘ஓப்பன் வித்’ பட்டியலில் இடம் கிடைத்துவிடும். தானே உருவாக்கிய கோப்பு வகைக்குத் தாராளமாக உரிமை கோரலாம்; அங்கே போட்டிக்கு ஆளில்லை. மென்பொருளின் அமைப்புகளுக்கும் (செட்டிங்ஸ்) இதே நெறிதான்: ஒருவரின் தேர்வில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. அவற்றை அந்தந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் சேமித்தால், தன் கணக்கில் மகள் மாற்றிய எழுத்தளவு அப்பாவின் கணக்கைத் தொடாது. கேட்டுவிட்டுச் செய்யும் மென்பொருளையே நம்புங்கள்.