மணி அடிக்க யாரைக் கேட்பது?

கேள்வி: கொரோனா காலத்தில் பள்ளி திறக்கலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டது சரிதானா?

பதில்: கேட்டது சரி, கேள்விதான் அரைகுறை. 2020 நவம்பர் 9 அன்று தமிழகப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, 16ஆம் தேதி திறக்கலாமா என்றார்கள். திறந்தால் என்ன ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், மூடியே கிடந்தால்? இருமினால் காதில் விழுகிறது, எழுத்து மறந்தால் விழுவதில்லை. திறப்பு தள்ளிப்போனது. (டாஸ்மாக் மதுக்கடை அந்த ஆண்டு மே மாதமே திறந்துவிட்டது. அதற்கு எந்தப் பெற்றோரைக் கேட்டார்கள்?) பொதுத்தேர்வு இருக்கிறதென்று 10, 12ஆம் வகுப்புகளை 2021 ஜனவரி 19 அன்று முதலில் அழைத்தார்கள், அந்த ஆண்டு இரண்டு தேர்வுமே ரத்து! ஒன்றாம் வகுப்புக்கு மணி அடித்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். பெரியவன் புத்தகத்தைத் தானே புரட்டிக்கொள்வான். 'அ' போடத் தெரியாத பிள்ளைக்கு, காலையில் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிடும் செல்போன் என்ன சொல்லிக்கொடுக்கும்? தொற்று வீட்டுக்கு வந்து பாட்டியைப் பிடித்தால் என்ற பயம் நியாயமானது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள ஆசிரியரின் பயமும் அப்படியே. அதற்கு வழி திறந்த ஜன்னல், பாதி வகுப்பு, ஆசிரியருக்கு முதலில் தடுப்பூசி. பூட்டு தொங்கிய பள்ளிக்கு வெளியே, தெருவில், அதே பிள்ளைகள் முகக்கவசம் இல்லாமல் கும்பலாகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.