கூடாரம் போட நன்னடத்தைச் சான்றிதழ்

எங்கள் குடும்பத்தில் யார்மீதும் குற்ற வழக்கு கிடையாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கல்யாணச் சம்பந்தம் ஒன்றுமில்லை. அதற்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். உலு லங்காட்டில் ஆற்றோரமாக ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் படுப்பதற்கு.

முகாம் நடத்துபவர் வாட்சாப்பில் பாரம் அனுப்பியிருந்தார். பெரியவர்கள் எல்லாருடைய ஐசி நகல், முன்பக்கமும் பின்பக்கமும். காடி நம்பர். வேலை செய்யும் இடம். கடைசியாக, 'குற்றப் பதிவு உண்டா? இருந்தால் விவரம் தருக.' விவரம் எழுத மூன்று வரி இடம் வேறு விட்டிருந்தார். அந்த மூன்று வரி மாமாவை உறுத்த ஆரம்பித்தது.

"கட்டாத சமான் இதுல சேருமா?"

"சேராது மாமா."

"ரெட் லைட் சமான்?"

சேராது என்றாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. விஸ்மா புத்ராவில் 20 ரிங்கிட் கட்டினால் நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறார்கள், எடுத்துவிடலாமா என்றார். அது வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் வாங்குவது. உலு லங்காட்டுக்குச் சுங்கை வேயிலிருந்து காடியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சுங்கை வே ஆட்களுக்குச் சோதனை ஒன்றும் புதிதில்லை. 1970களில் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தபோது, தோட்டங்களிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு வந்து இறங்கினார்கள். எங்கள் அத்தையும் அப்படி வந்தவர்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் ஜாகா பையைத் திறந்து பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவில் மீன்முள் தவிர வேறெதுவும் அகப்பட்டதில்லை என்று அத்தை இன்றும் பெருமையாகச் சொல்வார்.

அதற்கும் முந்தைய கதை இன்னும் ருசியானது. இந்த ஐசி பிறந்ததே காட்டில் கூடாரம் போட்டவர்களால்தான். 1948இல் அவசரகாலம் அறிவித்ததும், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளையும் ஊரிலிருந்த மற்றவர்களையும் பிரித்தறிய பிரிட்டிஷ்காரன் கண்டுபிடித்த வழி அது: பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அட்டை. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்துச் சீனக் குடும்பங்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். சுங்கை வே புதுக்கிராமம் அந்த வகையில் உண்டானது. தோட்டத்து லயன்களையும் ஒன்றாக நெருக்கி வேலி கட்டினார்கள். வேலி வாசலில் ஆளை நிறுத்தி, காட்டுக்காரனுக்கு அரிசி கொண்டு போகிறானா என்று தடவிப் பார்ப்பார்கள். இப்போது நாங்கள் ஐசியை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பாஸ்மதி அரிசியும் மசாலா தடவிய கோழியுமாகக் காட்டுக்குப் போகிறோம். அந்த அவசரகாலத்தில் இங்கே ஆட்சி நடத்திய, ரவாங் பக்கம் தன் பெயரில் பூங்கா வைத்திருக்கும் டெம்ப்ளர் துரை பார்த்தால் நெஞ்சு வெடித்திருப்பார்.

பாரத்துக்காக எல்லாரும் ஐசியைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். பின்னணிச் சோதனையில் வந்த வினை அங்கேதான். நம் ஐசி எண் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். கிள்ளான் மண்ணிலே பிறந்தவன், கிள்ளான் நண்டு தின்று வளர்ந்தவன் என்று ஊரெல்லாம் முழங்கும் மாமாவின் எண்ணில் 08 என்று இருந்தது. 08 பேராக். சிலாங்கூர் 10. "மாமா, நீங்க ஈப்போவா?" என்று பொடியன் ஒருவன் கேட்க, குழுவில் அரைநாள் மயான அமைதி. அத்தையின் முதல் இரண்டு இலக்கத்தை யாரும் வாய்விட்டுக் கூட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு அண்மையில் மோதிரம் வாங்கிக் கொடுத்தவர்கள் மனசுக்குள் கூட்டியிருப்பார்கள்.

சட்டப்படி முகாம் நடத்துபவரெல்லாம் ஐசி கேட்கலாமா? 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகள், அட்டையைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைப் பதிவு அதிகாரி, போலீஸ், சுங்கத்துறை, கடமையிலிருக்கும் ராணுவத்தினர் என்று சிலருக்கே கொடுக்கின்றன. தாமான் வாசலில் நிற்கும் ஜாகாவும் கூடார முதலாளியும் அந்தப் பட்டியலில் இல்லை. இதை நான் சொன்னதும், "அப்ப நீ வக்கீலோட போய்க் கூடாரம் போடு," என்றார் அத்தை. முதலாளி பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் யாரென்று தெரியாமல் தூக்கம் வராது.

பதிலுக்கு நாங்களும் அவரைச் சோதித்தோம். முன்பணத்தைத் தனியார் கணக்கில் போடச் சொன்னதால், போலீஸின் 'செமாக் மூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தான் அத்தை மகன். மோசடிப் புகார் எதுவுமில்லை. பிறகு நான் கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்டேன்: முகாமுக்கு லைசென்ஸ் இருக்கிறதா, பின்னால் இருக்கும் சரிவு எப்படி?

இதை மட்டும் வேடிக்கையாகக் கேட்கவில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலி அருகே முகாம் ஒன்றின்மேல் மண் சரிந்து 31 பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் லைசென்ஸ் கிடையாது என்று அமைச்சரே சொன்னார். அங்கே படுத்திருந்தவர்கள் யாருடைய பின்னணியிலும் கோளாறு இல்லை.

முதலாளி உடனே லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பினார். அதற்காகவே அவருக்கு என் மதிப்பெண் கூடியது.

போன அன்று வாசலில் ஒரு பையன் 555 நோட்டில் காடி நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு உள்ளே விட்டான். நாங்கள் அனுப்பிய பாரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, எந்தப் பாரம் என்றான். ராத்திரி ஒரு மணிவரை கராவோக்கே. பாடியவர் குரலில் குற்றம் இருந்தது, ஆனால் எந்தப் பதிவிலும் ஏறாத குற்றம். போய்ப் பார்த்தால் முதலாளியின் மச்சானாம். அவர் பாரம் நிரப்பத் தேவையில்லையாம். புகார் சொல்லப் போன மாமா மைக்கோடு நின்றார்.

மறுநாள் கூடாரத்தைச் சுருட்டும்போது வாட்சாப்பில் செய்தி வந்தது. வைப்புத்தொகை 50 ரிங்கிட் திரும்ப வேண்டுமென்றால், யார் பெயரில் பதிவோ அவருடைய ஐசி நகலை மீண்டும் அனுப்ப வேண்டும். பதிவு அத்தை பெயரில்.

"அம்பது வெள்ளிதானே, அவரே வச்சிக்கட்டும்," என்றார் அத்தை.