பாட்டியை யாரும் விசாரிக்கவில்லை

எண்பதுகளில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் மாதம் பிறந்தால் எங்கள் காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு பாக்கெட் நாவல்தான் வரும். அது ஒவ்வொரு ஓட்டு வீடாக ஏறி இறங்கி, ஒரு வீட்டில் தாளித்த எண்ணெயையும் இன்னொரு வீட்டில் மண்ணெண்ணெய் வாசனையையும் வாங்கிக்கொண்டு என் கைக்கு வரும்போது, உள்ளே துப்பறிவது ராஜேஷ்குமாரின் விவேக்கோ, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவுமோ, சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியுமோ யாராக இருந்தாலும், கொலைகாரன் யார் என்பது காம்பவுண்டு முழுக்கத் தெரிந்திருக்கும். யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொண்டு படித்த அந்தச் சுகம், செல்போனுக்குள் ஆயிரம் நாவல் கிடக்கிற இன்று கிடைப்பதில்லை. முடிவைச் சொல்லிக் கெடுக்கக்கூட பக்கத்தில் ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் படிப்பது பாட்டிதான். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால், பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனில் நின்று கிளம்பும் ரயில்கூட அவள் காதில் விழாது. “காபியிலயா விஷத்தைக் கலக்குவான்? முதல் வாயிலேயே தெரிஞ்சுடுமேடா. கஷாயத்துல கலந்தா கசப்புக்குக் கசப்பு சரியாப் போச்சு” என்பாள். இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டே கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளை எழுதிய சுஜாதா நம் பஸ்ஸில் ஏறிவிட மாட்டாரா என்று கண்ணாடி போட்டவர்களையெல்லாம் உற்றுப் பார்த்துத் திரிந்த பையனான எனக்கு, வீட்டுத் தூணில் சாய்ந்திருந்தவளின் மூளை எத்தகையது என்று உறைக்கவே இல்லை. நான் படித்த நாவல்களிலும் பாட்டிக்குக் கிடைத்த வேடம் பிணத்தைப் பார்த்து அலறுவதோ, நகைக்காகச் சாவதோதான்.

வெளியே வேறு மாதிரி எழுதினார்கள். 1941ல் நியூயார்க்கில் மேடையேறி, 1944ல் ஃப்ராங்க் காப்ரா படமாக வெளியான ‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ நாடகத்தில், துணையில்லாத கிழவர்களைப் பரிதாபப்பட்டு ‘கரையேற்றுகிற’ இரண்டு கிழவிகள், வீட்டில் செய்த பழ ஒயினில் ஆர்சனிக்கோடு ஸ்ட்ரிக்னைனும் சயனைடும் சேர்த்து, ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்கிற கரிசனத்தோடு அளவு சொல்கிறார்கள். ஸ்வீடன் எழுத்தாளர் ஹெலன் டுர்ஸ்டன் படைத்த மௌட் பாட்டிக்கு வயது 88. கோத்தன்பர்க் நகரில் அவள் வாடகையின்றி வாழும் பெரிய வீட்டின்மேல் ஒருத்தி கண் வைக்கிறாள். அவளைத் தீர்த்துக்கட்டுகிறாள் மௌட். போலீஸ் வந்தால் காது மந்தம், நினைவு தடுமாற்றம் என்று உட்கார்ந்துவிடுவாள். கிழவியின் தள்ளாமையை ஊரே நம்புகிறது, அதுதான் அவளுடைய ஆயுதம்.

பெங்களூரும் ஒரு நிஜத்தைப் பார்த்தது. கோயில்களில் மனம் நொந்து நின்ற பெண்களிடம் பூஜை செய்தால் குறை தீரும் என்று பேசி, நகைகளைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, சயனைடு கொடுத்துக் கொன்ற கெம்பம்மா 2007 முடிகிற சமயத்தில் பிடிபட்டாள். ‘சயனைடு மல்லிகா’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அவள் கிழவியில்லை, நடுவயதுக்காரி. அதில் சிரிக்க எதுவும் இல்லை. பக்திமுகத்தை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதை மட்டும் அவளும் தெரிந்துவைத்திருந்தாள்.

இப்போது எங்கள் காம்பவுண்டு போய் அடுக்குமாடி வந்துவிட்டது. லிஃப்ட் உண்டு, கேமரா உண்டு, நாவலை வாங்கிப் படிக்க நாலு வீடு இல்லை. தெருவில் எந்தப் பாட்டியின் கையெழுத்து வேண்டுமானாலும் ‘பாட்டி, இங்கே போடுங்க’ என்று பில்டரின் ஆள் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறான். மௌடின் கதைக்கு வேண்டிய அத்தனையும் இந்தத் தெருவில் தயாராக இருக்கிறது. தமிழில் யாராவது எழுதுங்களேன். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு இன்ஸ்பெக்டர் வாசலிலேயே செருப்பைக் கழற்றட்டும், “அஜ்ஜி, குடிக்கக் கொஞ்சம் ஏதாவது” என்று கேட்கட்டும். கஷாயம் கொடுப்பதா, காபி கொடுப்பதா என்று அவள் ஒரு பக்கம் முழுக்க யோசிக்கட்டும்.