முதலாளியின் பூட்டு

கேள்வி: அரசு சொன்ன சம்பளத்தைக் கொடுத்தால் கடையையே மூட வேண்டும் என்கிறாரே எங்கள் தெரு முதலாளி?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இலங்கையின் தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016இல் மாதம் 10,000 ரூபாய், 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. மும்மடங்கு என்று முதலாளி விரல் மடக்குவார். 2022இல் அரிசியும் மாவும் காஸும் ஏறிய ஏற்றத்தை அந்த விரல்கள் எண்ணுவதில்லை. கொட்டாஞ்சேனையில் அறை வாடகை கட்டி, மலையகத்துக்கும் காசு அனுப்பும் பொடியனுக்கு 30,000 எந்த மூலைக்கு? கடை வாடகை கூடியபோது மூடாதவர், கரண்ட் பில் கூடியபோதும் மூடாதவர், சம்பளம் கூடினால் மட்டும் பூட்டைத் தேடுகிறார்! இன்னொன்று: வீட்டு வேலை செய்யும் பெண்களை 2016ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் சேர்க்கவேயில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்தால், சட்டம் வரும்வரை காத்திராமல் இந்த மாதமே அந்த 30,000ஐக் கொடுங்கள், அக்கா.