செலவழுங்கும் சென்னைவாசி

பழந்தமிழ் அகப்பொருள் மரபில் ‘செலவழுங்குதல்’ என்றொரு செய்தி உண்டு. பொருள் தேடவோ வேறு கடமை கருதியோ பிரிந்து செல்லத் துணிந்த தலைவன், புறப்படும் தறுவாயில் மனம் மாறி நின்றுவிடுவதை அது குறிக்கும். ‘செலவு’ என்பது இங்கே காசு கரைவதையன்று, செல்லுதலை, அதாவது பயணத்தைச் சுட்டும் சொல். ‘அழுங்குதல்’ என்பது தவிர்ந்து நிற்றல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகள் கொண்ட பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தையும் கடைத்தெருவையும் வாய் ஓயாமல் வருணித்த தலைவன், அப்பேர்ப்பட்ட பட்டினமே கையில் கிடைப்பதானாலும் தலைவியை விட்டு வருவதற்கில்லை என்று தன் நெஞ்சுக்குச் சொல்லி நின்றுகொள்கிறான். அரசுகள் பல மாறியும் இவ்வழக்கம் ஒழியவில்லை. தலைவன் மட்டும் முகம் திரும்பி நிற்கிறான். அன்று பட்டினத்துக்குப் போகாமல் நின்றவன், இன்று பட்டினத்தை விட்டுப் போகாமல் நிற்கிறான்.

இந்தப் புதிய தலைவரைச் செலவழுங்குநர் என்று குறிப்பது பொருந்தும். வயது பெரும்பாலும் 45க்கு மேல். பிறந்தது கும்பகோணம், தென்காசி, காரைக்குடி போன்றதோர் ஊர். வசிப்பது மடிப்பாக்கத்திலோ அம்பத்தூரிலோ மூன்றாம் மாடியில். சென்னைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. வந்த முதல் வாரத்திலேயே ‘ரெண்டே வருஷம்’ என்று அறிவித்தவர், அந்த அறிவிப்பை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. அவருடைய குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை ஆகிய மூன்றும் சென்னை முகவரியைத் தாங்கியிருந்தாலும், ‘ஊர்’ என்ற சொல் அவர் வாயில் ஒருபோதும் சென்னையைக் குறிப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பும் இடம் எதுவோ அதுவே ஊர். சென்னை என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு நீண்ட பேருந்து நிறுத்தம். அங்கே அவருக்குத் திருமணமாகி, பிள்ளைகள் பிறந்து, முடி நரைத்துவிட்டது என்பதெல்லாம் பேருந்து வரத் தாமதமானதன் விளைவுகள்.

பாலைத் திணைக்கு வேனிலும் பின்பனியும் பெரும்பொழுதுகள், நண்பகல் சிறுபொழுது என்று இலக்கணிகள் வகுத்தனர். செலவழுங்குநருக்குக் காலக்கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழைக்கு வானிலை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்கள் வரிசையாக ஏறி நிற்கத் தொடங்குமே, அதுவே அவருக்குத் தலையாய பெரும்பொழுது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒருமுறை, 2016இல் வர்தா புயலின்போது ஒருமுறை, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்த 2019 கோடையில் ஒருமுறை, 2023இல் மிக்ஜாம் புயலின்போது ஒருமுறை என அவர் இறுதி முடிவுகள் எடுத்திருக்கிறார். தண்ணீர் அதிகமானாலும் முடிவு, இல்லாமற்போனாலும் முடிவு. சிறுபொழுது, மாலை ஏழு மணி. இடம், சோழிங்கநல்லூர் சிக்னல். பச்சை விளக்கு எரிந்தும் வண்டி நகராத அந்த இரண்டு நிமிடங்களில் அவர் உள்ளத்தில் காவிரிக்கரையும் தென்னந்தோப்பும் தோன்றும்; மூன்றாம் நிமிடம் வண்டி நகர்ந்தவுடன் மறையும்.

இவை தவிர, வாடகை ஒப்பந்தம் முடியும் பதினோராம் மாதமும் உணர்ச்சி மிகுந்த காலமாகும். ஓராண்டை எட்டாத ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யத் தேவையில்லை என்ற பழைய ஏற்பாட்டால் தமிழகத்தில் வாடகைக்காரரின் ஆண்டுக்குப் பதினோரு மாதங்களே உள்ளன. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. பத்து மாத வாடகையைக் கேட்டே பழகிய வீட்டுக்காரர்களிடம் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னால், அவர்கள் அதை ஒரு புதிய சினிமாவின் பெயரைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறார்கள். வாடகை கூட்டப்படும் அன்றிரவு செலவழுங்குநர் ஒரு நோட்டை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘இங்கே’ என்றும் வலப்பக்கம் ‘அங்கே’ என்றும் எழுதுகிறார்.

இந்த நோட்டே இவ்வகையினரைப் பற்றிய தலைசிறந்த ஆவணம் என்பதால் அதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். ‘இங்கே’ என்பதன்கீழ் வாடகை 24,000 ரூபாய். ‘அங்கே’ என்பதன்கீழ் 9,000 ரூபாய். மாத மிச்சம் 15,000 என்பதை அவர் இரண்டு முறை அடிக்கோடிடுகிறார். இதற்கு அரசாங்கச் சான்றும் வைத்திருக்கிறார். ஒன்றிய அரசு தன் ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாகப் பிரித்துள்ளது. 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சென்னை எக்ஸ், 5 லட்சத்துக்குக் குறைந்த கும்பகோணம் இசட். அடிப்படைச் சம்பளத்தில் முன்னதற்கு 30 சதவீதம், பின்னதற்கு 10 சதவீதம். பிறந்த ஊரை ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்தில் உட்கார வைத்திருப்பதை அவர் அவமதிப்பாகக் கொள்வதில்லை. மலிவுக்கு அரசே தந்த நற்சான்றாகக் கொள்கிறார். தாம் வேலை பார்ப்பது தனியார் நிறுவனத்தில் என்பது இந்த ஆய்வுக்கு இடையூறாகாது.

நோட்டு மேசைமீது கிடந்தால் இல்லத்தரசி அதில் சில வரிகள் சேர்ப்பது வழக்கம். மின்கட்டணம் இரண்டு பக்கமும் ஒன்றே. முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. கைபேசிக் கட்டணம், இணையத்தில் வாங்கும் பொருள்கள், மருந்து ஆகியவற்றின் விலையும் ஊர் பார்த்து மாறுவதில்லை. மகன் சென்னையில் கல்லூரியில் படிப்பதால் அவனுக்கு விடுதி 9,000. மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கவும், அலுவலகம் அழைக்கும்போது முகம் காட்டவும் போக்குவரத்து 4,000. கடைசியாக அவர் எழுதுவது மொய், 2,000. சென்னையில் ஒரு காதுகுத்துக்குப் போகாமலிருக்கப் போக்குவரத்து நெரிசல் என்ற ஒரு சொல் போதும். எல்லா மண்டபமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஊரில் அந்தச் சொல் செல்லாது. ஒன்பதும் நான்கும் இரண்டும் பதினைந்து. மிச்சம் சுழி, ஆவணி மாதமானால் சுழிக்கும் கீழே. செலவழுங்குநர் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை. நோட்டை மூடிவிட்டு, எல்லாவற்றையும் காசாகவே பார்க்கக் கூடாது என்கிறார். கணக்கைத் தொடங்கியவர் அவரே என்பதை அப்போது நினைவூட்டுவது குடும்ப அமைதிக்கு நல்லதன்று.

காசு கைவிட்டால் முன்னுதாரணம் கைகொடுக்கும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துவதையும், அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியேறியதையும் சொல்லாமல் இவ்வகையினர் எந்த உரையாடலையும் முடித்ததாகத் தெரியவில்லை. சைக்கிளில் போகும் கோடீசுவரரும் சைக்கிளில் போகும் குமாஸ்தாவும் ஊர்க்கண்ணுக்கு ஒன்றல்லர் என்பது மட்டும் இந்த வாதத்தில் விடுபட்டுப்போகிறது. இதற்குச் சான்று 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு. அவ்வாண்டு செலவழுங்குநர் பலர் உண்மையிலேயே மடிக்கணினியோடு ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தனர். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைத்ததால் அங்கே நின்றபடியே கூட்டங்களில் கலந்துகொண்டனர். காலையில் இட்லியும் மாலையில் காற்றும் அவர்களுக்கு வாய்த்தன. ஆனால் மூன்றாம் மாதம் தெருவில் கேள்வி எழுந்தது. வேலைக்குப் போகும் வயதில் பகலில் வீட்டிலிருக்கும் ஆண், ஊர் அகராதியில் வேலை போனவன். “என்ன தம்பி, கம்பெனில ஏதும் பிரச்சினையா?” என்று எதிர்வீட்டுப் பெரியவர் நான்காம் முறை பரிவோடு கேட்ட நாளில், அலுவலகத்துக்குத் திரும்பி வரச்சொல்லும் மின்னஞ்சலை அவர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினர்.

மனை பார்க்கும் படலம் தனி நூலுக்குரியது. சென்னையில் நிலத்தைக் கிரவுண்டில் அளப்பர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஊரில் சென்ட், அது 435.6 சதுர அடி. காவிரிப் பாசனப் பகுதியிலோ குழியும் மாவும். 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தாத்தாவுக்கு அரை வேலி இருந்தது என்று பேசிக்கொண்டு போகும் பேரன், ஐந்தரை சென்ட் பார்க்கிறான். வயலாயிருந்து, வாய்க்கால் தூர்ந்து, மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் வரிசையாக நடப்பட்ட அந்த இடத்துக்கு யாதொரு கூச்சமுமின்றி ‘நகர்’ என்று பெயரிட்டிருப்பார்கள். நகரத்தை விட்டு ஓடிவருபவருக்கு விற்கப்படுவதும் ஒரு நகரே. பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று தரகர் சொல்வது ஊர்தியின் வேகத்தைப் பற்றியதன்று, தம் நம்பிக்கையைப் பற்றியது. பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் ஒப்புதல் ஆகிய எல்லாவற்றையும் செலவழுங்குநர் நுணுகி ஆராய்கிறார். எல்லாம் சரியாக இருந்துவிட்டால் அவர் முகம் வாடுகிறது. அப்போது கைகொடுப்பது விலை: 1998இல் இதே இடம் என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்குத் தெரியும், அன்று வாங்காததை நினைத்து இன்று வாங்காமல் திரும்புகிறார்.

திரும்பும் வழியில் சித்தப்பா மகன் வீட்டில் காபி. ஊரைவிட்டு நகராமல், பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இந்தத் தம்பி, அண்ணனின் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணே, நீங்க இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? அத விடுங்க, நம்ம பையனுக்கு ஓஎம்ஆர்ல ஒரு வேலை பாத்துக் குடுங்க. அவன் அங்க செட்டில் ஆயிட்டா நாங்களும் வந்துடுவோம்” என்கிறார். அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார் என்பது இதனால் பெறப்படும். அதில் ‘இங்கே’, ‘அங்கே’ என்ற தலைப்புகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. மேலும் அண்ணன் தேடும் ஊர் தம்பியிடமும் இல்லை. கும்பகோணம் 2021இலும் காரைக்குடி 2024இலும் மாநகராட்சிகளாகிவிட்டன. தென்காசி 2019 முதல் மாவட்டத் தலைநகர். இவர் சென்னையில் காத்திருந்த காலத்தில் ஊர் காத்திருக்கவில்லை.

செலவழுங்குநர் பொய்யர் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பயணத்தை இடையில் நிறுத்துவது போகாமை ஆகாது, அது வீட்டிலிருப்பவரை ஆற்றுவதற்காக என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். இவர் ஆற்றுவது தம்மைத்தான். மேலதிகாரி கடிந்த நாளில், லாரித் தண்ணீர் வராத நாளில், மின்தூக்கி பழுதாகிக் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறும் நாளில், போய்விடலாம் என்ற ஒரு சொல் இல்லாதிருந்தால் சென்னை அவரால் தாங்க முடியாததாக இருந்திருக்கும். போனால் அந்தச் சொல் தீர்ந்துவிடும். அப்புறம் கும்பகோணத்துக் கொசுவையும் உறவினரையும் எதைச் சொல்லித் தாங்குவது? இதை அறிந்திருப்பதால்தான் இல்லத்தரசி ஒருபோதும் வேண்டாம் என்று சொல்வதில்லை. “போலாம், நீங்க முதல்ல போய் வீடு பாருங்க, பின்னாலயே நான் வரேன்” என்று மட்டும் சொல்கிறார். கால் நூற்றாண்டாக இந்தக் குடும்பத்தைச் சென்னையில் நிறுத்தி வைத்திருப்பது இவ்வொரு வாக்கியமே.

எனினும் நாள் குறிக்கப்படாத முடிவு முடிவாகாது என்பதால், கும்பகோணத்துச் செலவழுங்குநர் மகாமகத்தைக் கெடுவாக வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வரும் அவ்விழாவுக்குள் குடியேறிவிடுவது என்பது 2004இலும் 2016இலும் திட்டமாக இருந்தது. முன்னது மகளின் பள்ளிச் சேர்க்கையாலும் பின்னது மகனின் முழுஆண்டுத் தேர்வாலும் தவறின. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. உழவன் விரைவு வண்டியில் இடம் பிடிப்பதுவரை அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னரே தொடங்கும் என்பதால், இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.