பேராண்டியின் உட்பி

ஏலேய் பேராண்டி, இங்க வா. பந்தி முடியட்டும்னுதான் பொறுத்துக்கிட்டு இருந்தேன். மண்டப வாசல்ல உங்க ஆபீசு மேனேஜர்கிட்ட என்னல சொன்ன? “சார், இது என் உட்பி.” அந்தப் பிள்ளை வெக்கப்பட்டுச் சிரிக்கி, அவரும் கும்பிடுதாரு. எனக்குத்தான் பாயாசம் தொண்டையிலயே நின்னுபோச்சு.

தாத்தனுக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்னு முழிக்காத. முப்பது வருசம் காலேஜ்ல அட்டெண்டர். பெல் அடிச்சிட்டு இங்கிலீஷ் கிளாஸ் வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா, உள்ள இருக்க பயலுக தூங்குவானுவ. பாடம் பூரா எனக்குத்தான் நடக்கும்.

‘உட்’டுக்குப் பழைய அர்த்தம், விரும்புனாங்கிறது. ‘பி’னா ஆகுறது. ஆகணும்னு ஆசைப்படுதவன், இன்னும் ஆகாதவன், அவன்தான் உட்பி. இவனாவது ஆகுறதாவதுங்கிற நமுட்டுச் சிரிப்பும் அதுக்குள்ள பாதி நேரம் ஒளிஞ்சிருக்கும். ஒருத்தனைச் சுடப் போயி குறி தப்பிப் பிடிபட்டவனை இங்கிலீஷ் பேப்பர்க்காரன் ‘உட்பி கொலைகாரன்’ம்பான். திரும்பி வந்த கவிதைக் கவரையெல்லாம் பரண்ல அடுக்கி வச்சிருக்கவன் ‘உட்பி கவிஞன்’. அந்த வரிசையில கொண்டுபோயி ஒரு லட்சணமான பிள்ளையை நிப்பாட்டிட்டியேல!

பென் ஜான்சன்னு ஒருத்தர், ஷேக்ஸ்பியர் காலத்து ஆளு. 1607-ல அச்சான அவரோட ‘வால்போனே’ நாடகத்துல ஒரு புருசன் பொஞ்சாதிக்குக் குடும்பப் பேரே உட்பிதான். சர் பாலிடிக் உட்பி, வெனிசுக்குப் போன இங்கிலீஷ்காரரு. ராஜாங்க ரகசியம் பூரா தன் மடியில இருக்காப்புல அலட்டுவாரு. பிடிக்க ஆள் வருதுன்னு ஒருத்தன் சும்மா கதை விட்டதும், ஆமை ஓட்டுக்குள்ள பூந்துக்கிட்டாரு பாரு! வீட்டம்மா லேடி உட்பி வாயைத் தொறந்தா மூடாது. சாகக் கிடக்குதவன் மாதிரி நடிச்சுக்கிட்டுப் படுத்திருந்த வால்போனேக்கு அந்தப் பேச்சுல நெசமாவே நோவு வந்துரும்போல ஆயிருச்சு.

ஆசைக்கு இங்கிலீஷ்ல சொல்லுக்கா பஞ்சம்? ‘ஆஸ்பைரிங்’னா மரியாதை, பாடுபடுதான், வரட்டும்னு முதுகுல தட்டுறாப்புல. ‘டு பி’யைப் பின்னால ஒட்டுனா காரியம் உறுதி. ‘மதர் டு பி’ன்னா வயித்துல பிள்ளை இருக்கு. ‘உட்பி மதர்’னா இன்னும் அரச மரத்தைச் சுத்துதா. உன் சோலிக்கு ‘பிரைட் டு பி’ பொருந்தும். இல்ல, பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குன ‘ஃபியான்சே’ இருக்கு. எழுதும்போது பொண்ணுக்குன்னா கடைசியில கூட ஒரு ஈ உக்காரும், அம்புட்டுதான்.

இன்னொண்ணு. உட்பிக்குத் தனியா நிக்கத் தெம்பு கிடையாது, பின்னால ஒரு பேர்ச்சொல்லு முட்டுக் குடுக்கணும். ‘என் உட்பி’ன்னா ‘என் ஆகத் துடிக்கிற’ன்னு பாதியில விட்ட மாதிரி. என்ன ஆகத் துடிக்கிற? நம்ம நாட்டுலதான் அது தாம்பூலம் மாத்துன கையோட மாப்பிள்ளை பொண்ணாயிருச்சு. மேனேஜரும் நம்ம பக்கத்து ஆளா இருக்கப்போய்த் தப்பிச்ச. ‘கட்டிக்கிடப் போற பிள்ளை’ன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமோ?

சரி, அங்க பாரு. அந்தப் பிள்ளை தன் கூட்டாளிகிட்ட ஒன்னைக் கையைக் காட்டி ‘என் உட்பி’ங்குது. அவ வாயில வரும்போது மட்டும் இங்கிலீஷ் சரியாத்தாம்ல இருக்கு.